இடம் காலியாக இருந்த விமானம்

திருக்கோகர்ணம்
12-10-1953

அன்புள்ள மாப்பிள்ளை நாகராசு அவர்களுக்குத் திருப்பதி எழுதுவது.

உறுதியான செய்தி: சொர்ணத்தின் பாஸ்போர்ட் இன்று காலை பத்தேகாலுக்கு வந்து சேர்ந்தது. செவந்தியின் பெயரும் அதிலேயே இருக்கிறது. ஆதாரம்: தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நானே.

முப்பது வருஷமாகத் திருச்சிப் பத்திரிகைக்குப் புதுக்கோட்டைச் செய்தி அனுப்பிய பழக்கம், தங்கை வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்திலும் இப்படித்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியும் மகளும் நானும் சுகம். அங்கே உங்கள் உடம்பு எப்படி என்று எழுதுங்கள்.

நாகப்பட்டினம் கப்பல் ஏஜண்டுக்கு எழுதட்டுமா என்று சொர்ணத்திடம் கேட்டேன். அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்தாள். "கப்பல்ல இன்னொரு தடவ என்னைய ஏறச் சொல்லாதீங்கண்ணே. நாலாம் நாளு தண்ணியில போட்டுட்டு வந்தது ஒண்ணு போதும்" என்றாள். நாற்பத்தொன்பதில் வயிற்றில் செவந்தியும் இடுப்பில் ஒன்றரை வயதுப் பையனுமாக உங்களிடமிருந்து பிரசவத்துக்குக் கிளம்பி, பையன் இல்லாமல் வந்து இறங்கினாளே, அந்தக் கப்பலைப் பற்றி அவள் வாய் திறந்தது இந்த நான்கு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

செவந்தி உங்கள் போட்டோவைக் காட்டி, "இவரு பேசுவாரா?" என்று கேட்கிறாள். பேசுவார் என்று சொல்லியிருக்கிறேன்.

நிலுவையில் இருப்பது சிங்கப்பூர் சர்க்காரின் அனுமதிச் சீட்டு. டிசம்பருக்குள் கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள்.

இப்படிக்கு,
திருப்பதி


சிங்கப்பூர்
3-11-1953

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு நாகராசுவின் வணக்கம்.

கடிதம் ஆறாம் நாள் கைக்கு வந்தது. நல்ல சுகம். இங்கே புளிதான் சரியில்லை, மற்றபடி குறை இல்லை. நான் பேசுவேன், பாடக்கூடச் செய்வேன் என்று செவந்தியிடம் சொல்லுங்கள்.

சொர்ணம் கப்பலில் ஏறவே வேண்டாம். விமான மைதானத்தில் சரக்கு ஏற்றும் எங்கள் ஒப்பந்தக் கம்பெனியில் வரும் பிப்ரவரியோடு எனக்கு ஐந்து வருஷம் முடிகிறது. ஐந்து வருஷம் முடித்தவன் குடும்பத்துக்கு விமானத்தில் ஒரு தடவை சலுகைச் சீட்டு உண்டு. கல்கத்தாவில் ஏறினால் அன்றைக்கே இங்கே இறங்கிவிடலாம்.

பெட்டிகளை எடை போட்டு எழுதி, எது முன்னால், எது பின்னால் என்று பிரித்து ஏற்றுவது என் வேலை. ஆகையால் விமானங்களின் வயிறு எனக்குத் தெரியும். இங்கே பெரிதாக மூன்று வகை வருகின்றன. அமெரிக்கா டக்ளஸ் கம்பெனியின் விமானங்கள் மாட்டுவண்டி மாதிரி. எதையும் சுமக்கும், மெதுவாகப் போகும். அதே அமெரிக்காவின் லாக்ஹீட் கம்பெனி செய்த கான்ஸ்டலேஷன் பார்க்க அழகு. மீன் மாதிரி உடம்பு, வாலில் மூன்று துடுப்பு, இறக்கைகளில் சுழலும் நான்கு விசிறி. மணிக்கு முந்நூறு மைல். மூன்றாவது, இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் கம்பெனி செய்த காமெட். அதுதான் ஜெட். விசிறியே கிடையாது. இறக்கைக்குள் நான்கு எஞ்சின். முப்பத்தாறு பேர் உட்காரலாம், மணிக்கு நானூற்றுத் தொண்ணூறு மைல். மேகத்துக்கு மேலே, நாற்பதாயிரம் அடி வரை போகும். மேசையில் ஒரு காசை அதன் விளிம்பில் செங்குத்தாக நிறுத்தினால் விழாதாம். அமெரிக்காக்காரனிடம் இன்னும் இப்படி ஒன்று இல்லை.

என் மனைவியும் மகளும் காமெட்டில் வருவார்கள். நான் கீழே நின்று பார்ப்பேன். இதைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
நாகராசு


திருக்கோகர்ணம்
28-11-1953

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உறுதியான செய்தி: சென்ற மே மாதம் 2ஆம் தேதி கல்கத்தாவில் கிளம்பிய ஒரு காமெட் ஆறு நிமிஷத்தில் விழுந்து, அதிலிருந்த நாற்பத்து மூன்று பேரும் இறந்தார்கள். ஆதாரம்: எங்கள் திருச்சி ஆபீசில் கட்டி வைத்திருக்கும் பழைய பத்திரிகை. மூன்று கம்பெனியைப் பற்றியும் எழுதிய நீங்கள் இதை மட்டும் சொல்லவில்லை. குறை கூறவில்லை, கேட்கிறேன். சொர்ணத்துக்கு உங்களைப் பார்த்தபோதும் மூன்று வரன்களை விசாரித்தேன். உங்கள் ஊர் மணமேல்குடிக்கே இரண்டு தடவை வந்து, சொல்லாததையும் தெரிந்துகொண்டுதான் முடித்தேன்.

வீட்டில் எல்லாரும் சுகம். செவந்திக்கு மட்டும் இரண்டு நாள் சளி, இப்போது இல்லை.

எதிர்ச் சைக்கிள் கடை பிச்சைமுத்துவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். யுத்தகாலத்தில் செட்டிநாட்டு விமான மைதானத்தில் மண் சுமந்தவர் என்பதால் விமானம் பற்றி அவரைக் கேட்காமல் யாரும் பேசக் கூடாது. "வெசிறி இல்லாம எப்படிப் பறக்கும்? சரி, நாப்பதாயிரம் அடியில மூச்சு முட்டாதா?" என்றார். உள்ளே காற்றை அடைத்து வைப்பார்கள், இறங்கும்போது விட்டுவிடுவார்கள் என்று பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன்.

"அப்ப அது டியூப்பு. அடிக்கிறதும் எறக்குறதும், அடிக்கிறதும் எறக்குறதும்னா ஒரு நாளைக்கு ஓட்டை இருக்கிற எடமாப் பாத்து விரிசல் விடும். இந்த டியூப்புல எத்தனை ஜன்னல் வெட்டியிருக்கான்?"

"ஒங்களை ஆதாரமா வச்சு நான் செய்தி எழுத முடியாது, பிச்சைமுத்து."

"எழுத வேணாம். எனக்குப் பஞ்சர் ஒட்டுற வேலை இருக்கு" என்று போய்விட்டார்.

கல்கத்தா விபத்தின் காரணம் என்ன என்பதே நான் எதிர்பார்க்கும் பதில்.

திருப்பதி


சிங்கப்பூர்
22-12-1953

மதிப்பிற்குரிய மச்சானுக்கு வணக்கம். நலமே. நீங்களும் அவ்விதமே என்று நம்புகிறேன்.

கல்கத்தாவில் அன்று கடும் புயல். புயலில் சிக்கி உடைந்தது என்று நம் நாட்டு விசாரணையே சொல்லிவிட்டது. நான் மறைக்கவில்லை, புயலுக்குக் கம்பெனி என்ன செய்யும் என்றுதான் எழுதவில்லை. பிச்சைமுத்து அண்ணனிடம், ஜெட்டுக்குப் பஞ்சர் ஒட்ட அவரைத்தான் கூப்பிடுவோம் என்று சொல்லுங்கள்.

அனுமதிச் சீட்டு இதோடு வருகிறது. கவனமாக வையுங்கள். 1954 ஏப்ரல் 30ஆம் தேதிக்குள் அவர்கள் இந்த மண்ணில் இறங்கியாக வேண்டும். குடியேற்றத்துக்குப் புதுச் சட்டம் வந்த பிறகு கெடுபிடி அதிகம். தவறினால் மறுபடி எப்போது தருவார்கள், தருவார்களா என்றே தெரியாது. ஒன்றரை வருஷம் நடந்து வாங்கியது இது.

மார்ச்சில் சீட்டு எடுத்துவிடுவேன். செவந்திக்கு ஜன்னலோரம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு சின்னக் கட்டில், ஒரு மரக்குதிரை வாங்கிவிட்டேன். குதிரைக்குக் கண் மட்டும் வரைய வேண்டும். அவள் வந்து வரையட்டும்.

நாகராசு


திருக்கோகர்ணம்
13-1-1954

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உறுதியான செய்தி: ஞாயிற்றுக்கிழமை, 10ஆம் தேதி, இத்தாலி நாட்டுக் கடற்கரைக்கு அப்பால் ஒரு காமெட் கடலில் விழுந்தது. முப்பத்தைந்து பேர். யாரும் பிழைக்கவில்லை. ஆதாரங்கள் இரண்டு: திருச்சி ரேடியோ, நேற்றைய சென்னைப் பத்திரிகை. புயல் இல்லை, தெளிந்த வானம் என்று பத்திரிகை சொல்கிறது. அது சிங்கப்பூரில் கிளம்பிய விமானம் என்றும் சொல்கிறது.

நீங்கள் சுகமா? மற்றதெல்லாம் அப்புறம். நாளை பொங்கல். சொர்ணம் கரும்பு வாங்கச் சொன்னாள், வாங்கினேன். ரேடியோ செய்தி அவளுக்கும் தெரியும். "அவுக கீழதான நிப்பாக, மேல போக மாட்டாகள்ல?" என்று மூன்று தடவை கேட்டாள். கீழேதான் என்றேன்.

அந்த வகை விமானங்களை எல்லாம் நிறுத்தியிருக்கிறார்கள். எப்போது மீண்டும் பறக்கும், காரணம் என்ன என்று விசாரித்து எழுதுங்கள். உங்கள் பதில் 25ஆம் தேதிக்குள் வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன்.

திருப்பதி


சிங்கப்பூர்
22-2-1954

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நான் சுகம். அனைவரின் சுகத்துக்கும் எழுதவும். தாமதத்துக்கு மன்னிக்கவும், வேலை அதிகம்.

நாகப்பட்டினத்திலிருந்து ஏப்ரலில் எந்தெந்தத் தேதியில் கப்பல் கிளம்புகிறது என்று விசாரித்து எழுதுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான். சொர்ணத்திடம் சொல்ல வேண்டாம்.

இங்கே மழை. மரக்குதிரை பத்திரமாக இருக்கிறது.

நாகராசு


திருக்கோகர்ணம்
8-3-1954

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உறுதியான செய்தி: ஏப்ரல் 19, திங்கட்கிழமை நாகப்பட்டினத்தில் கப்பல். 28ஆம் தேதி சிங்கப்பூர் சேரும். ஏப்ரலில் அது ஒன்றுதான். ஆதாரம்: ஏஜண்டின் அச்சடித்த அட்டவணை. வீட்டில் சுகத்துக்குக் குறைவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். நான் கேட்டதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. நாற்பது நாள் கழித்து வந்த கடிதத்தில் விமானம் என்ற சொல்லே இல்லை. காசு விளிம்பில் நிற்கும் என்று எழுதிய கையா இது என்று இரண்டு தடவை கையெழுத்தை ஒப்பிட்டேன்.

சொர்ணத்திடம் கப்பல் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் நேற்று நானே, "ப்ளேன் மறுபடி விட்டாலும் கொஞ்சம் பொறுக்கலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அனுமதி பொறுக்குமா?"

"ஏப்ரல் முப்பது வரைக்கும்தான்."

"அப்பறம் என்னண்ணே? அவுக கையால பெட்டி ஏத்துற ப்ளேனு. பெஞ்சாதி புள்ளைய ஏத்துறதுக்கு முன்னால அவுக பாக்க மாட்டாகளா?"

இதற்குப் பதில், மாப்பிள்ளை, உங்களிடம்தான் இருக்கிறது. இரண்டே கேள்வி. ஜனவரி விபத்தின் காரணம் கண்டுபிடித்தார்களா? அந்த விமானத்தில் பெட்டி ஏற்றியது நீங்களா?

மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும்.

திருப்பதி


சிங்கப்பூர்
27-3-1954

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு வணக்கம். எல்லாரும் சுகமாக இருக்கப் பிரார்த்தனை.

சேவை 23ஆம் தேதி மீண்டும் தொடங்கிவிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் செய்திருக்கிறார்கள். சலுகைச் சீட்டு இதனுடன் வருகிறது. ஏப்ரல் 9, வெள்ளிக்கிழமை, கல்கத்தா. இரண்டு இடம்.

விசிறி வைத்த விமானங்களில் மே 10 வரை இடம் இல்லை. எல்லாரும் அதில்தான் போகிறார்கள். ஜெட்டில் இடம் காலியாக இருக்கிறது. காலியாக இருந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சலுகை. அதனால்தான் கிடைத்தது.

எங்கள் கம்பெனியில் சில விஷயங்களை விசாரணை முடியும்வரை வெளியே எழுத மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஆகையால் உங்கள் இரண்டாவது கேள்வியை விட்டுவிடுங்கள். முதல் கேள்விக்கு: நீங்கள் எதற்கும் இரண்டு ஆதாரம் கேட்பவர். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

முடிவை உங்களிடம் விடுகிறேன். நான் முடிவு செய்தால் அவர்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் முடிவு செய்யும்.

நாகராசு


திருக்கோகர்ணம்
5-4-1954

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உறுதியான செய்தி: சொர்ணமும் செவந்தியும் 9ஆம் தேதி விமானத்தில் வரவில்லை. ஆதாரம்: நான். சீட்டுகளை இதனுடன் திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் கடிதம் 2ஆம் தேதி வந்தது. 3ஆம் தேதி திருச்சிக்குப் போய் ஆபீசில் எட்டு வருஷத்துப் பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்தேன். 1946இல் லாக்ஹீட் விமானம் ஒன்று தீப்பிடித்து விழுந்தது. அந்த வகையையே நிறுத்தினார்கள். மறு வருஷம் டக்ளஸின் புது விமானத்துக்கும் அதே கதி. ஆக, குற்றமில்லாத கம்பெனி என்று எதுவும் இல்லை. ஆனால் அந்த இரண்டிலும் தீ எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள், சரி செய்தார்கள், அதன் பிறகே பறக்க விட்டார்கள். காமெட்டைப் பற்றி வந்திருப்பது வேறு. கற்பனைக்கு எட்டிய எல்லாக் காரணங்களுக்கும் மாற்றம் செய்திருக்கிறார்களாம். நான்கு தடவை படித்தேன். காரணம் தெரிந்தது என்று எந்த வரியும் சொல்லவில்லை.

இது ஆபத்து என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை. ஆபத்து இல்லை என்று எழுதவும் இல்லை. பத்திரிகையாக இருந்தால் செய்தியை நிறுத்தி வைத்திருப்பேன். தங்கையிடம் எப்படி நிறுத்தி வைப்பது? சொன்னால், நீங்கள் அனுப்பிய சீட்டு என்ற ஒரே நம்பிக்கையில் ஏறிவிடுவாள்.

இன்று காலை எனக்கு ஒரு தந்தி வந்தது. எங்கள் பத்திரிகை ஆசிரியர் அனுப்பியது: நார்த்தாமலைத் திருவிழாச் செய்தியைப் புதனுக்குள் அனுப்பு. சொர்ணம் வாசலுக்கு ஓடிவந்து, "அவுக தந்தியாண்ணே?" என்றாள். தந்தி ஆங்கிலத்தில் இருந்தது. அவளுக்குத் தமிழ்தான் படிக்க வரும். "ஆமாம். பயணத்தை நிறுத்து, காத்திரு என்று எழுதியிருக்கிறார்" என்று வாசித்தேன்.

முப்பது வருஷத்தில் நான் வெளியிட்ட முதல் பொய்ச் செய்தி. அவள் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, உள்ளே கொண்டு போனாள். அழவில்லை. அழுதிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

அனுமதியை நீட்டிக்க முடியுமா என்று நீங்கள் உடனே முயல வேண்டும். எல்லாரும் உடம்பளவில் சுகம்.

திருப்பதி


திருக்கோகர்ணம்
7-4-1954

செவந்தி அப்பாவுக்குச் சொர்ணம் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் நல்லா இருக்கோம். நீங்களும் நல்லா இருக்கணும்.

உங்க தந்தியை அண்ணன் வாசிச்சாங்க. வேண்டாம்னு சொல்ல ஒரு தந்தி போதும்னு நினைச்சிட்டீங்க. ஏன்னு ஒரு வார்த்தை இல்லை. அங்கிட்டு யாராவது இருந்தா அதையும் எழுதிருங்க. நான் படிச்சுக்குவேன். நாலு வருசமா போட்டோவைப் பார்த்து அப்பான்னு கூப்பிடுற பிள்ளைக்கு நான் என்ன சொல்ல? தந்தி வந்திருக்குன்னா சொல்ல?

நான் வாரேன். கேட்டு வரலை, சொல்லிட்டு வாரேன். பிச்சைமுத்து அண்ணன் மச்சினரு நாகப்பட்டினத்துல கப்பல் ஏஜண்டுகிட்ட இருக்காராம். அவரு மூலமா 19ஆம் தேதி கப்பல்ல எனக்கும் பிள்ளைக்கும் அறை இல்லாம மேல்தளத்துல இடம் சொல்லியாச்சு. எங்க அண்ணனுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா ரெண்டு ஆதாரம் கேட்பாங்க.

கப்பல்ல ஏற மாட்டேன்னு நான் சொன்னது உண்மைதான். இருந்தாலும் உங்க முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கணும். தந்தியை முந்தானையில முடிஞ்சு கொண்டாரேன். அதை உங்க கையில கொடுத்துட்டுத்தான் கேட்பேன்.

சொர்ணவல்லி


சிங்கப்பூர்
12-4-1954

மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அவள் கடிதம் இன்று வந்தது. இரண்டையும் அருகருகே வைத்து இதை எழுதுகிறேன்.

8ஆம் தேதி இன்னொன்று விழுந்ததை ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். ரோமாபுரியிலிருந்து கெய்ரோ போகும் வழியில். இருபத்தொரு பேர். இன்று அந்த வகை விமானம் பறக்கவே கூடாது என்று உரிமத்தை எடுத்துவிட்டார்கள். இனி மறைத்து என்ன?

ஆமாம். ஜனவரியில் எங்கள் மைதானத்தில் அந்த விமானத்துக்குப் பெட்டி எடை போட்டு ஏற்றியது நான்தான். ஒரு பயணி கையில் மங்குஸ்தான் கூடை வைத்திருந்தார். பதினொரு பவுண்டு. மூடி சரியில்லை என்று நானே சணல் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். ஊர் போய்ச் சேரும்வரை பிரியாது என்றேன். அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதன் பிறகு விமானம் என்று எழுதப் பேனா போகவில்லை. ஏற்றாதே என்று எழுதினால் பிள்ளையைப் பார்க்க முடியாது. ஏற்று என்று எழுதினால் சணல் ஞாபகம். ஆகவே உங்கள் தலையில் வைத்தேன். அது ஆண்மை இல்லை.

நீங்கள் செய்தது சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அனுமதியை நீட்டிக்க முடியாது என்று கேட்ட இடத்தில் சொல்லிவிட்டார்கள். கப்பலைத் தடுக்காதீர்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். அவள் ஏறுவதற்கு முன் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் வேண்டாம் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டு அவள் அந்தத் தண்ணீரைக் கடக்கக் கூடாது.

நாகராசு


நாகப்பட்டினம்
19-4-1954

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உறுதியான செய்தி: இன்று மாலை நான்கு நாற்பதுக்குக் கப்பல் நங்கூரம் எடுத்தது. சொர்ணமும் செவந்தியும் அதில் இருக்கிறார்கள். ஆதாரம்: கரையில் நின்று நான் பார்த்தேன். இருவருக்கும் சுகத்தில் குறையில்லை. அம்மைத் தடுப்பு ஊசி குத்திய இடத்தில் செவந்திக்கு லேசான வீக்கம்.

இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 10ஆம் தேதி பத்திரிகையில் விபத்துச் செய்தி வந்தது. சொர்ணம் அதைப் படித்தாள். தந்தி முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, "அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்கண்ணே. நான் அவுகளைக் கண்டபடி எழுதிட்டேனே. எங்க உசுரைக் காப்பாத்தியிருக்காக" என்றாள். கப்பலில் இடம் எடுத்திருப்பதை அப்போதுதான் சொன்னாள். முகத்தில் பயம் இல்லை. உங்கள் தந்தி கொடுத்த தைரியம். அது உங்கள் தந்தி இல்லை என்று அந்த நேரத்தில் எனக்குச் சொல்ல வரவில்லை.

உங்கள் கடிதம் 17ஆம் தேதி வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். புதுக்கோட்டை ஸ்டேஷனில் சொல்லலாம் என்று நினைத்தேன், தஞ்சாவூரில் நினைத்தேன், திருவாரூரில் வண்டி அரை மணி நின்றது. சொல்லவில்லை. சொன்னால் கப்பலில் ஏற மாட்டாளோ என்று ஒரு பயம். ஏறிவிடுவாளோ என்றும் பயம்.

இன்று காலை ஏஜண்டு ஆபீசில் குமாஸ்தா காகிதங்களைக் கேட்டார். சொர்ணம் முந்தானையை அவிழ்த்து எல்லாவற்றையும் மேசையில் வைத்தாள். பாஸ்போர்ட், அனுமதி, ஊசி போட்ட சீட்டு. கடைசியில் தந்தி. அவர் அதை எடுத்துப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, நார்த்தாமலைத் திருவிழாவுக்கும் சிங்கப்பூருக்கும் என்ன சம்பந்தம்?"

"என்ன சொல்றீங்க?"

"திருவிழாச் செய்திய புதன்கெழமைக்குள்ள அனுப்புன்னு போட்டிருக்கு. திருச்சியிலேர்ந்து வந்தது."

அவள் என் பக்கம் திரும்பினாள். பின்னால் வரிசையில் நாற்பது பேர். குமாஸ்தா காகிதத்தை நீட்டியபடியே இருந்தார்.

"அவுக தந்தி அடிக்கவே இல்லையா?"

"இல்லை."

"ப்ளேன் சீட்டு?"

"அனுப்பினார். ரெண்டு இடம். நான் திருப்பி அனுப்பிட்டேன்."

"அவுக எங்களை வரச் சொன்னாகளா, வேணாம்னாகளா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

"வரணும்னுதான் கேட்டார்" என்று உங்கள் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தாள். மங்குஸ்தான் கூடை வரும் இடத்தில் நிறுத்தி, மறுபடி படித்தாள். பிறகு மடித்து முந்தானையில் முடிந்தாள். தந்தியை என் கையில் வைத்தாள்.

"நாளைக்கு ஒங்க பேப்பர்ல மறுப்புப் போடுவீங்களாண்ணே?"

தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"எதையோ சொல்ல வாயெடுக்குறீங்க. அந்த ப்ளேன்ல போயிருந்தா செத்திருப்பேன்னா?"

அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கலாம், மாப்பிள்ளை. அவளும் நம்பியிருப்பாள். ஆனால் தேதிகளை நான் சரிபார்த்திருக்கிறேன். விழுந்தது வேறொரு விமானம், வேறு வழியில். 9ஆம் தேதி காலையிலேயே எல்லாக் காமெட்டுகளையும் நிறுத்திவிட்டார்கள். "இல்லை. ஒன்னோட ப்ளேன் கெளம்பியே இருக்காது. நீ கல்கத்தாவுல நின்னிருப்பே. அங்கேர்ந்து வேற வழி தேடியிருக்கலாம். நான் பொய் சொன்னதால யாரும் பொழைக்கல" என்றேன்.

"இதை அன்னிக்கே இப்படிச் சொல்லியிருந்தா, காரணம் தெரியாத ப்ளேன் எனக்கு வேணாம்னு நானே சொல்லியிருப்பேன். என்னைய ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல" என்றாள். குமாஸ்தா பக்கம் திரும்பி, "கையெழுத்து எங்க போடணும்?" என்றாள்.

கரையிலிருந்து கப்பல்வரை படகில் கொண்டு போகிறார்கள். படகில் ஏறும்போது அவள் கால் பலகையில் நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். செவந்திதான், "வாம்மா, போட்டோகிட்டப் போவோம்" என்று கையை இழுத்தாள். ஏறிவிட்டாள். படகு நகர்ந்த பிறகு என்னைப் பார்த்து, "வியாழக்கெழம நாலாம் நாளு. அன்னிக்கு நான் இவளைத் தரையில விட மாட்டேன். ரெண்டு பேரும் வந்து சேந்ததும் அவுகளைத் தந்தி அடிக்கச் சொல்லுறேன். அதை நீங்க வாசிக்காதீங்க" என்றாள்.

தெரியாதவை. இரண்டு விமானங்கள் ஏன் விழுந்தன: கடலுக்குள்ளிருந்து துண்டுகளை எடுத்துச் சேர்த்துப் பார்க்கிறார்கள், முடிவு எந்த மாதம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் போயிங் கம்பெனி செய்யும் ஜெட் அடுத்த மாதம் கொட்டகையை விட்டு வெளியே வரும் என்கிறார்கள். அதன் ஜன்னல்களை எண்ணிச் சொல்லுமாறு பிச்சைமுத்து கேட்டிருக்கிறார். கப்பல் பினாங்கு சேர்வது 25ஆம் தேதி, சிங்கப்பூர் 28, புதன்கிழமை. அனுமதி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மேல்தளத்துப் பயணிகளை நோய்ச் சோதனைக்காக அங்கே பக்கத்துத் தீவில் தடுத்து வைத்தாலும் கப்பல் சேர்ந்த நாளே கணக்கு என்று ஏஜண்டு சொல்கிறார். அதற்கு ஆதாரம் அவர் ஒருவர்தான்.

தந்தி கொடுங்கள். வந்தால் பிரிக்காமல் பிச்சைமுத்துவிடம் கொடுத்து, போஸ்ட்மாஸ்டரைக் கொண்டு படிக்கச் சொல்வேன். சுருக்கமாகவே இருக்கட்டும். இரண்டு பெயரும் அதில் இருக்க வேண்டும்.

திருப்பதி